தவளைக்குப் பெயர் வைப்பது ஒரு ராத்திரி வேலை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சில நாட்களுக்கு முன்பு உங்கள் நெல்லைப் பதிப்பில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. மழைக்காட்டுக்குள் இரவில் நடந்துபோன விஞ்ஞானிகள் கண்ணில் அதிசயத் தவளை சிக்கியது என்று தொடங்கி, ஆறேழு வரியில் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு படம். பச்சை உடம்பு, ரத்தச் சிவப்பில் கண், ஆரஞ்சு நிறத்தில் விரல்கள். அந்தத் தவளை நம் மலையில் கிடையாது, மத்திய அமெரிக்காவில் இருப்பது. இணையத்தில் தவளை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். அதைப் போட்டதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அழகான தவளைதான். அந்த ஆறேழு வரியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவதானால் காக்காச்சி பற்றிய பகுதியிலும் கடைசியில் உள்ள கோரிக்கையிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா மருந்தடித்தார். நான் எஸ்டேட் சம்பளம் வாங்கியதைவிட, மேலே வருகிற ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பை தூக்கி, டார்ச் பிடித்து, வழி காட்டிச் சம்பாதித்ததுதான் அதிகம். குரங்கு பார்க்க வந்தவர்கள் உண்டு. வெடிப்பலா மரத்தின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏறிப் பூவையும் தேனீயையும் கணக்கெடுத்தவர்கள் உண்டு. அப்புறம் தவளைக்காரர்கள். எங்களைக் 'கள உதவியாளர்' என்று எழுதுவார்கள். இப்போது கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீடு, சின்னதாக ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்க நேரம் கிடைக்கிறது.

முதலில், தவளை யார் கண்ணிலும் சிக்குவதில்லை, காதில்தான் சிக்கும். எங்கள் மலையில் புதர்த்தவளை என்று ஒரு கூட்டம் உண்டு. பெரும்பாலானவை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். பகலில் இலைக்கு அடியிலோ பட்டை இடுக்கிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், மூக்குக்கு நேராக இருந்தாலும் தெரியாது. மழை விட்டு இருட்டியதும் ஆண் தவளைகள் கத்தத் தொடங்கும். ஒரு இனம் 'டிக்... டிக்...' என்று விட்டு விட்டுக் கத்தும். இன்னொன்று 'ட்ரீ' என்று ஒரே மூச்சில் இழுக்கும். வேறொன்று மூன்று தட்டு தட்டிவிட்டு நீண்ட நேரம் சும்மா இருக்கும். பெண் தவளை இப்படிக் கூப்பிடாது, அதனால் அதைப் பார்ப்பதே அபூர்வம். பல இனங்களுக்கு ஆணை மட்டும் வைத்தே முதல் விவரிப்பு எழுதியிருக்கிறார்கள்.

சத்தம் கேட்ட இடத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். ஆள் வந்த அரவத்தில் கப்சிப்பென்று ஆனவன் மறுபடி வாய் திறக்க ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் அட்டை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். காலில் தேய்த்த புகையிலையும் சுண்ணாம்பும் எப்போதோ மழையில் கரைந்திருக்கும். மறுபடி கத்தத் தொடங்கியதும் நான் ஒரு பக்கத்திலிருந்தும் கூட வந்தவர் வேறு பக்கத்திலிருந்தும் சத்தம் வரும் திசைக்குக் கையை நீட்டுவோம். இரண்டு கையும் சந்திக்கிற இடத்தில் வெளிச்சம் அடித்தால் பெரும்பாலும் அங்கே இருப்பான், தொண்டையை ஊதிக்கொண்டு. தனியாள் தேடினால் விடிந்துவிடும். இடுப்பு உயரத்து இலையில் இருக்கிறானா, தலைக்கு மேல் கொடியில் இருக்கிறானா என்பதே பிடிபடாது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லவில்லை. பாம்புக்கும் அதுதான் வசதி, எங்களுக்கும் அதுதான் வசதி.

பிடிப்பதற்கு முன்பே சத்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கையில் வந்த தவளை கத்தாது. பதிவு செய்யும்போது அந்த இடத்தின் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். குளிர் கூடினால் அதே தவளை மெதுவாகக் கத்தும். இதைக் கவனிக்காவிட்டால், சித்திரையில் எடுத்ததையும் மார்கழியில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு இனம் என்று சொல்லிவிட முடியும். எந்தச் செடி, தரையிலிருந்து எத்தனை அடி உயரம், பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும். பேனா மழையில் எழுதாது, பென்சில்தான். அப்புறம் இலையோடு ஈரமான பையில் போட்டுக் கொண்டுவந்து, உயிரோடு இருக்கும்போதே நிறம் தெரியும்படி எல்லாப் பக்கமும் படம் எடுப்பார்கள்.

அடுத்த கட்டத்தைப் பற்றி யாரும் செய்தியில் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். பிடித்ததில் சிலவற்றை மயக்க மருந்து கொடுத்துச் சாகடிக்கிறார்கள். மரபணுச் சோதனைக்காகத் துளிச் சதையை எடுத்துத் தண்ணீர் கலக்காத ஆல்கஹாலில் போடுவார்கள். உடம்பு ஃபார்மலினுக்குப் போகும், பிறகு 70 சதவீத ஆல்கஹால் உள்ள பாட்டிலுக்குப் போகும். ஃபார்மலினில் போட்டபின் மரபணு சரியாகக் கிடைக்காது என்பதால்தான் சதையை முதலில் எடுத்துவிடுகிறார்கள். என் மனைவி ஒருமுறை கேட்டாள், "தவளை தவளைன்னு உருகுறீங்க, கடைசில பாட்டில்லதான போடுறீங்க?" நியாயமான கேள்விதான். அந்த வேலை நடக்கும்போது நான் வெளியே போய்விடுவேன், இன்றைக்கும் பார்க்கப் பிடிக்காது. ஆனால் அது தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். வனத்துறை அனுமதித்த அளவுக்குமேல் எடுக்க முடியாது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, காலின் சவ்வு எதுவரை இருக்கிறது, நாக்கில் முள்போன்ற மேடு இருக்கிறதா என்று ஐம்பது வருடம் கழித்து வருகிறவர் எப்படிச் சோதிப்பார்?

ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயருக்குரிய உடல் இதுதான் என்று ஒரே ஒரு மாதிரியை அறிவிக்க வேண்டும். அதற்கு 'ஹோலோடைப்' என்று பெயர். நிலத்துக்கு மூலப் பத்திரம் எதுவோ தவளைக்கு அதுதான். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அந்த பாட்டிலைத்தான் திறந்து பார்ப்பார்கள். நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்போம் இல்லையா, அதுவும் உண்டு. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட பட்டியல்தான் விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கம். அதற்குப் பிறகு யார் முதலில் முறைப்படி பெயர் வைத்தாரோ அவர் வைத்த பெயரே செல்லும். ஆகவே, கையில் இருக்கிற தவளைக்கு ஏற்கெனவே யாரும் பெயர் வைக்கவில்லை என்று நிரூபிப்பதுதான் பெரிய வேலை. கூடப் போன மாணவர்கள் ஊருக்குத் திரும்பி வருடக்கணக்கில் செய்தது அதைத்தான். காட்டுக்குள் நடந்தது அதில் கால்வாசிகூட இருக்காது.

அதில் ஏன் அத்தனை சிக்கல் என்றால், நம் மலைத் தவளைகளின் பழைய மூலப் பத்திரங்கள் பல லண்டனில் இருக்கின்றன. பெடோம் என்று ஒரு வெள்ளைக்காரர், ராணுவத்திலிருந்து சென்னை மாகாண வனத்துறைக்கு வந்தவர். திருநெல்வேலி, திருவிதாங்கூர், ஆனைமலை என்று அலைந்து பாம்பு, பல்லி, தவளை எல்லாவற்றையும் சேகரித்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருந்த குந்தர், பிறகு புலெஞ்சர் போன்றவர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து விவரிப்பு சில வரிகள்தான் இருக்கும். ஊர்ப் பெயர் 'மலபார்', 'திருவிதாங்கூர்', 'திருநெல்வேலி' என்று ஒற்றை வார்த்தையில் முடிந்துவிடும். நம் ஜில்லாவிலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த மலையில் எந்த ஓடை என்று எங்கே போய்த் தேடுவது? பாட்டிலில் இருக்கும் உடம்பும் நூற்றைம்பது வருடத்தில் நிறம் முழுக்கப் போய் வெளுத்துக் கிடக்கும். பச்சையாக இருந்ததா பழுப்பாக இருந்ததா என்பதே தெரியாது. சத்தத்தைக் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் இன்று மூன்று வகைச் சாட்சி கேட்கிறார்கள். ஒன்று அளவு. மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை எவ்வளவு, தலை அகலம், கண்ணின் விட்டம், காதுச் சவ்வு, கெண்டைக்கால், விரல் நுனித் தட்டு என்று வெர்னியர் காலிப்பர் வைத்து மில்லிமீட்டரில் தசமப் புள்ளிவரை எழுதுவார்கள். இரண்டாவது சத்தம். மூன்றாவது மரபணு. பார்வைக்கு அண்ணன் தம்பியாகத் தெரிகிற இரண்டு தவளை, சத்தத்திலும் மரபணுவிலும் வேறு வேறு இனமாக இருப்பது உண்டு. அதேபோல ஒரே இனத்துக்குள் மஞ்சளும் உண்டு, பழுப்பும் உண்டு, முதுகில் கோடு போட்டதும் உண்டு. எல்லாம் எழுதி முடித்து ஆய்விதழுக்கு அனுப்பினால், துறை தெரிந்தவர்கள் படித்துக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். புதிய இனத்தின் மாதிரியை அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டம் சொல்கிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் உங்கள் செய்தியாளருக்கு மின்னஞ்சல் வருகிறது.

இப்போது காக்காச்சிக்கு வருகிறேன். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மலையேறினால் முதலில் மாஞ்சோலை, அடுத்து காக்காச்சி, அப்புறம் நாலுமுக்கு, ஊத்து. காக்காச்சி என்றால் எங்களுக்கு கோல்ஃப் மைதானம், மூடுபனி, பஸ் நிற்கிற இடம். அந்த ஊரின் பெயர் 2012-ல் ஒரு தவளைக்கு வைக்கப்பட்டது. ராவோர்செஸ்டஸ் காக்காச்சி. கே.எஸ். சேஷாத்ரி, கே.வி. குருராஜா, என்.ஏ. அரவிந்த் என்ற மூன்று பேர் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பசுமைமாறாக் காட்டிலிருந்து அதை விவரித்து எழுதினார்கள். பெயரின் முதல் பாதி, இந்தியாவில் தவளை ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட பெங்களூரு பேராசிரியர் சி.ஆர். நாராயண ராவை நினைத்து 2010-ல் வைத்தது. இந்தக் கூட்டத்துத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் தனியாகக் கிடையாது. எல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்து, வாலில்லாத குட்டித் தவளையாகவே வெளியே வரும். குளம் குட்டை தேவையில்லை, காற்றில் ஈரம் இருந்தால் போதும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற எங்கள் மலையில் அதற்குக் குறைவில்லை.

காக்காச்சியில் பிறந்து வளர்ந்த எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் விசாரித்தவரை, எங்களைப் போலப் பை தூக்கியவர்களைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை, பஸ் ஸ்டாப்பிலும் எழுதவில்லை. தமிழ்ப் பத்திரிகையில் நான் படித்ததில்லை. உலகத்தில் எந்த நாட்டில் இருக்கிற தவளை ஆராய்ச்சிக்காரரும் காக்காச்சி என்று வாய்விட்டுச் சொல்கிறார், அம்பாசமுத்திரத்தில் சொன்னால் "எந்தக் காக்காச்சி, அந்த எஸ்டேட்டா?" என்கிறார்கள்.

புதுசு மட்டும் இல்லை, தொலைந்தது என்று நினைத்ததும் எங்கள் மலையில் கிடைத்திருக்கிறது. ராவோர்செஸ்டஸ் சலசோடஸ் என்று ஒரு பச்சைத் தவளை. குந்தர் 1876-ல் பெயர் வைத்தார். அதற்குப்பின் நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் அதைப் பார்த்ததாக ஒரு பதிவும் இல்லாமல், 2011-ல்தான் மறுபடி கண்டதாக அறிவித்தார்கள். அது எங்கே குடும்பம் நடத்துகிறது என்பது அதற்கப்புறம் களக்காடு முண்டந்துறையில் தெரிந்தது. ஓடையோரத்தில் அடர்ந்து நிற்கிற மெல்லிய மூங்கிலின் கணுவுக்குள். மூங்கிலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உடம்பை நெளித்து நுழைந்து, உள்சுவரில் முட்டை ஒட்டியிருக்க, ஆண் தவளை காவல் இருக்கிறது. தாய் இல்லை, தகப்பன்தான். அந்தத் தகப்பனை அப்புறப்படுத்தினால் என்ன ஆகிறது என்று சோதித்து 2018-ல் எழுதினார்கள். காவல் இல்லாத முட்டையை அதே இனத்து வேறொரு ஆண் வந்து தின்றுவிடுகிறது! மூங்கிலைப் பிளக்காமல் உள்ளே பார்க்க ஒரு சின்னக் கேமராவை விடுவார்கள். திரையில் அந்த முட்டைகளை முதல்முறை பார்த்தபோது மழை பெய்கிறது என்பதே எனக்கு மறந்து போயிற்று. எத்தனை தடவை அந்த மூங்கிலை வெட்டி வேலி கட்டியிருப்போம்.

இன்னொன்று கருப்புத் தவளை, மெலனோபட்ராகஸ் இண்டிகஸ். பெடோம் 1878-ல் விவரித்தது. உருண்டு கிடக்கிற மரக்கட்டைக்கு அடியிலும் கல்லுக்கு அடியிலும் இருக்கும். தொட்டால் உடம்பைச் சுருட்டிக்கொள்ளும், தொடையில் சிவப்பு தெரியும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அது களக்காடு முண்டந்துறையில் கிடைத்ததாக கார்த்திகேயன் வாசுதேவன் 1997-ல் எழுதினார்.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கமும் மலைதானே, இங்கே மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். தவளையின் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் தாழ்வானது, மலை உச்சியைவிட வெயிலும் வறட்சியும் அதிகம். நாம் ஆரியங்காவு வழி ரயிலில் உட்கார்ந்து கடந்துவிடுகிறோம். இரண்டு சென்டிமீட்டர் உடம்புக்கு அது முடியாத காரியம். லட்சக்கணக்கான வருடங்களாக அந்தப் பக்கத்துக் கூட்டம் அங்கேயே, இந்தப் பக்கத்துக் கூட்டம் இங்கேயே என்று இருந்ததில் வேறு வேறு இனமாகிவிட்டன. மலையின் கிழக்குச் சரிவுக்கும் மேற்குச் சரிவுக்கும்கூட வித்தியாசம் வரும். பன்றி மூக்குத் தவளை என்கிற ஊதாத் தவளையை 2003-ல் இடுக்கியிலிருந்து விவரித்து உலகமே பேசியது. அதன் தமிழ்நாட்டு உறவுக்கார இனத்தை 2017-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து விவரித்தார்கள். கிழக்கே மழை வருவது ஐப்பசியில் என்பதால் இது வடகிழக்குப் பருவமழையில் இனம் பெருக்குகிறது. நாசிகாபட்ராகஸ் பூபதி என்று பெயர். 2014-ல் அகத்தியமலையில் ஆய்வுப் பணியின்போது இறந்துபோன டாக்டர் சுப்பிரமணியம் பூபதியின் பெயர். வழுக்குப் பாறையும் காட்டாற்று வெள்ளமும் எப்படிப்பட்டவை என்று தெரிந்த எங்களுக்கு, அந்தப் பெயரைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

உங்கள் செய்தியில் விஞ்ஞானிகள் மட்டும் இருந்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் நன்றி என்ற தலைப்பில் வனத்துறை, வழிகாட்டிய காணிக்காரர்கள் (எங்கள் மலையின் பழங்குடிகள்), வேட்டைத் தடுப்புக் காவலர்கள், எஸ்டேட் பையன்கள் என்று பெயர் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். என் மகள் ஒரு கட்டுரையைப் படித்து, என் பெயர் இருந்த இடத்தைக் காட்டினாள். எழுத்துப் பிழையோடு இருந்தது, பரவாயில்லை. அந்தக் கட்டுரை தமிழில் செய்தியாகும்போதுதான் அந்தப் பக்கம் காணாமல் போகிறது. நான் புகழுக்காகச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் காணாமல் போவதால், மலையில் ஆளே இல்லாமல், வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு ராத்திரி வந்து பார்த்துவிட்டுப் போனது மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு சத்தம் எங்கள் காதுக்குப் பழகி, "சார், இது அவன் இல்லை, வேற ஆளு" என்று சொல்ல எத்தனை மழைக்காலம் போயிருக்கும்! சில நேரம் அவர்கள் நம்ப மாட்டார்கள். ரெக்கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கோடு கோடாகப் பார்த்த பிறகு நம்புவார்கள். சில நேரம் எங்கள் காதும் ஏமாற்றும், பூச்சியாகக்கூட இருக்கும்.

அந்தக் காதுகள் இப்போது மலையில் இல்லை என்பதுதான் என் கவலை. எஸ்டேட் நிலத்தைச் சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருடத்துக்குக் கம்பெனிக்குக் கொடுத்த குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே எஸ்டேட் வேலை நின்று, குடும்பம் குடும்பமாக இறங்கிவிட்டோம். யார் செய்தது சரி, யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை வேறு கடிதத்தில் எழுதலாம், அதற்கு எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். தேயிலை போய்க் காடு வரட்டும் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. வரட்டும். ஆனால் காடு தானாக ஒரே நாளில் வராது. முதலில் களைச்செடி வரும், பிறகு வெளிச்சம் விரும்புகிற மரம் வரும், நிழல் கூடக் கூடத்தான் ஈரம் நிற்கும். தேயிலைக்குள் எந்தத் தவளை இருந்தது, ஒட்டியிருக்கும் சோலைக்குள் எது இருந்தது, சோலையிலிருந்து எது எத்தனை வருடத்தில் இந்தப் பக்கம் வந்தது என்பதை அறிய, தொடக்கக் கணக்கு ஒன்று வேண்டும். அதை இப்போது எடுத்தால்தான் உண்டு. பத்து வருடம் கழித்துப் போய், முன்னாடி என்ன இருந்தது என்று யாரிடம் கேட்பார்கள்?

ஆகவே உங்கள் நாளிதழ் வழியாக வனத்துறைக்கும் புலிகள் காப்பக அதிகாரிகளுக்கும் ஒரு கோரிக்கை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரவெட்டி ஆகிய இடங்களில் இரண்டு மழைக்காலத்திலும் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்கிற வேலையைத் தொடங்குங்கள். ராத்திரி முழுக்கத் தானாகப் பதிவு செய்கிற கருவிகள் இருக்கின்றன, மரத்தில் கட்டிவிட்டு வந்தால் போதும். ஆனால் கருவி சேர்த்துவைக்கிற அந்த மணிக்கணக்கான சத்தத்தில் எது எவன் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். புதிதாகச் சேருகிற பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். எஸ்டேட்டிலிருந்து இறங்கியவர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஜவுளிக்கடையில் வாட்ச்மேன், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இன்னொருவர் திருப்பூர் போய்விட்டார். காணிக் குடியிருப்புகளில் எங்களைவிடக் காடு தெரிந்தவர்கள் உண்டு, முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். மழைக்கால மாதங்களுக்கு மட்டுமாவது தினக்கூலியில் இல்லாமல் மாதச் சம்பளத்தில் எடுத்தால் வருவார்கள்.

செய்தியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை தவளைச் செய்தி வந்தால் எந்த மலை, எந்த ஊர்ப் பக்கம், அது முதலில் எந்த வருடம் காதில் விழுந்தது, பெயர் வைக்க எத்தனை வருடம் ஆயிற்று, மாதிரி எந்த ஊர்க் காப்பகத்தில் இருக்கிறது என்று கேட்டுப் போடுங்கள். அந்த நன்றிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். நான்கு வரி கூடும், அவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலையைத் தொடங்கினால் இந்த வருடமே முதல் கணக்கு கிடைத்துவிடும். ஆள் வேண்டும் என்றால் கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு, அம்பை பக்கம் விசாரித்தாலே போதும், ஒருவரைப் பிடித்தால் மற்றவர்களை அவரே கூட்டிவந்துவிடுவார். மழைக்கோட்டும் அட்டைக்குப் புகையிலையும் நாங்களே கொண்டுவருவோம். டார்ச்சுக்கு நல்ல பேட்டரி மட்டும் வாங்கிக் கொடுங்கள், போன தடவை கொடுத்தது ஒன்பது மணிக்கெல்லாம் அணைந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
முன்னாள் கள உதவியாளர், நாலுமுக்கு
(இப்போது கல்லிடைக்குறிச்சி)